சக்கரம் உறுமினால்: வீல் ஹப் வாங்கும்போது காசை எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

1930-களில் அமெரிக்கக் கார்த் தொழிலை ஒரு விசித்திரமான பிரச்சினை வாட்டியது. தொழிற்சாலையிலிருந்து ரயிலில் ஏற்றி அனுப்பிய புத்தம் புதிய கார்களைப் போய்ச் சேர்ந்த ஊரில் இறக்கி ஓட்டினால், சக்கரங்கள் கரகரவென்று உறுமின. சாலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிகள் அவை. வீல் பேரிங்குகளைப் பிரித்துப் பார்த்தபோது, குண்டுகள் நின்றிருந்த இடங்களில் மட்டும், ஒரே சீரான இடைவெளியில், நுண்ணிய குழிகள் விழுந்திருந்தன.

ஜே. ஓ. ஆல்மென் என்ற பொறியாளர் 1937-இல் இதற்கு விளக்கம் எழுதினார். ரயிலின் அதிர்வில் காரின் சக்கரங்கள் சுழலவில்லை. ஆனால் பேரிங்குக்குள் இருந்த குண்டுகள் நின்ற இடத்திலேயே மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருந்தன. அந்த அசைவில் இடையில் இருந்த கிரீஸ் பிதுங்கி வெளியேறியது. குண்டு உருண்டால்தான் புதுக் கிரீஸ் அந்த இடத்துக்கு வரும். உருளாததால் எஃகோடு எஃகு உரசி, துகள் உதிர்ந்து, துருவேறி, குழியாகிவிட்டது.

சில மைக்ரான் ஆழக் குழிகள் போதும், ஒரு சக்கரத்தின் ஆயுள் முடிந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். பழுதுபார்க்கும் கடையில், "சார், வீல் பேரிங் போயிடுச்சு. கம்பெனி ஐட்டம் போடட்டுமா, லோக்கல் போதுமா?" என்று மெக்கானிக் கேட்கும்போது, உண்மையில் பேசப்படுவது இந்த மைக்ரான்களைப் பற்றித்தான். ஒரே காருக்கு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஹப்புகள் வெவ்வேறு விலைகளில் மேஜைக்கு வரும். அந்த விலை வேறுபாட்டில் ஒரு பகுதி பெட்டியின் மேல் அச்சிட்ட முத்திரைக்குப் போகிறது. இன்னொரு பகுதி கண்ணுக்குத் தெரியாத உலோகத் தரத்துக்குப் போகிறது. முதலாவதைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் கைவைத்தால் சில மாதங்களில் மறுபடியும் அதே கடைக்கு வரவேண்டியிருக்கும்.

ஹப்புக்குள் என்ன இருக்கிறது?

ரிம்மைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கையும் உருவிவிட்டால், நான்கு அல்லது ஐந்து ஸ்டட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும் வட்டமான எஃகு முகம் தெரியும். அதுதான் ஹப். அதன் பின்பக்கத்துக் கழுத்து, வீல் பேரிங்கின் உள் வளையத்துக்குள் நுழைந்திருக்கும். பேரிங்கின் வெளி வளையம், நக்கிள் எனப்படும் கனத்த வார்ப்புக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில், எஞ்சின் பக்கமிருந்து வரும் ஆக்சில் தண்டு ஹப்பின் நடுத்துளை வழியே வந்து ஒரு பெரிய நட்டால் முடுக்கப்பட்டிருக்கும். வண்டியின் எடை, வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டு விசை, பள்ளத்தில் விழும் அடி எல்லாம் இந்த ஒரு பேரிங் வழியாகத்தான் சாலைக்கும் வண்டிக்கும் இடையே போய்வருகின்றன.

லாரிகளிலும் பழைய கார்கள் பலவற்றிலும் ஒரு ஹப்புக்கு இரண்டு கூம்பு உருளைப் பேரிங்குகள் இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கென் 1898-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. நட்டைத் தளர்த்தலாம், கழற்றிக் கழுவலாம், புதுக் கிரீஸ் அடைத்து மறுபடியும் பூட்டலாம். இன்றைய சிறு கார்களில் அந்த வசதி கிடையாது. பேரிங்கைத் தயாரிக்கும்போதே கிரீஸை அடைத்துச் சீல் வைத்துவிடுகிறார்கள். கெட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இப்படிச் சீல் வைத்த பேரிங்குகளைத் தொழிலில் மூன்று தலைமுறைகளாகப் பிரிப்பார்கள். முதல் தலைமுறையில் இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் மட்டும் தனியாக வரும். ஹப்பும் நக்கிளும் வேறு வேறு. மூன்றையும் பிரஸ்ஸில் வைத்து ஒன்றுக்குள் ஒன்று அழுத்திச் சேர்க்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில் பேரிங்கின் வளையங்களில் ஒன்று போல்ட் துளைகள் கொண்ட விளிம்போடு ஒரே துண்டாக இருக்கும். மூன்றாம் தலைமுறையில் இரண்டு பக்கமும் விளிம்பு வந்துவிடும். ஹப், பேரிங் எல்லாம் சேர்ந்த ஒரே பொருள். பழையதன் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினால் வேலை முடிந்தது.

செலவுக் கணக்கு இங்கேயே தொடங்குகிறது. முதல் தலைமுறையில் பொருளின் விலை குறைவு, கூலியும் கவனமும் அதிகம். மூன்றாம் தலைமுறையில் பொருளின் விலை அதிகம், கூலி குறைவு. ஒரே காரில்கூட முன்சக்கரத்தில் ஒரு வகையும் பின்சக்கரத்தில் இன்னொரு வகையும் இருக்கலாம். எனவே பொருளின் விலையை மட்டும் கேட்டு ஒப்பிடுவதில் பயனில்லை. நக்கிளைக் கழற்றுவது, பிரஸ் வேலை, புது ஆக்சில் நட், தேவைப்பட்டால் வீல் அலைன்மென்ட் எல்லாவற்றையும் கூட்டிய தொகையைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்து கோடிச் சுற்று

165/80 ஆர்14 அளவு டயர் போட்ட ஒரு சிறு காரை எடுத்துக்கொள்வோம். அந்தச் சக்கரத்தின் சுற்றளவு 1.95 மீட்டருக்கு அருகில் வரும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 515 சுற்று. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஐந்து கோடிச் சுற்றுக்கும் மேல். சக்கரம் சுற்றச் சுற்ற, குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தம் மிகுந்த பகுதியைக் கடந்து போகின்றன. குண்டும் பாதையும் தொட்டுக்கொள்ளும் இடம் மிகச் சிறியது என்பதால், அங்கே அழுத்தம் 10,000 வளிமண்டலங்களைத் தாண்டிவிடுகிறது. அந்த நெருக்கத்தில் கிரீஸில் உள்ள எண்ணெய், பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய படலமாக நின்று, இரண்டு உலோகங்களும் ஒட்டாமல் காக்கிறது.

இந்தத் தொடுகையின் கணக்கை முதலில் போட்டவர் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். பின்னாளில் ரேடியோ அலைகளைக் கண்டறிந்தவர் இவரே. கண்ணாடி லென்சுகளை ஒன்றோடொன்று அழுத்தினால் அவை எப்படி உருமாறும் என்ற கேள்வியிலிருந்து 1881-இல் அவர் வந்தடைந்த சமன்பாடுகளைத்தான் பேரிங் வடிவமைப்பாளர்கள் இன்றும் அடிப்படையாகக் கொள்கிறார்கள். அந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் ஒரு முடிவு, பொருள் வாங்குகிறவருக்கும் முக்கியமானது: உருளும் குண்டு உண்டாக்கும் வெட்டு விசை உச்சமடைவது மேற்பரப்பில் இல்லை, அதற்குச் சற்றுக் கீழே. நன்றாக ஓடும் பேரிங்கில் விரிசல் பிறப்பதும் அங்கேதான். எஃகுக்குள் சிக்கியிருக்கும் ஆக்சைடுத் துகள் ஒன்றைச் சுற்றி மயிரிழை விரிசல் தோன்றி, கோடிக்கணக்கான சுற்றுகளில் வளர்ந்து, ஒருநாள் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பாதையில் ஒரு செதில் பெயர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு குண்டும் அந்தப் பள்ளத்தில் இடித்துக்கொண்டே போகும். ஓட்டுநர் காதில் விழும் உறுமல் அதுதான்.

ஆகவே பேரிங் எஃகின் தரம் அதன் உள்ளே இருக்கும் அழுக்கில் அடங்கியிருக்கிறது. குண்டுகளுக்குப் பயன்படும் எஃகில் சுமார் ஒரு சதவீதம் கார்பனும் ஒன்றரைச் சதவீதம் குரோமியமும் இருக்கும். ஜப்பானில் எஸ்யூஜே2, ஜெர்மனியில் 100சிஆர்6, அமெரிக்காவில் 52100 என்று பெயர்கள் வேறானாலும் பொருள் ஏறக்குறைய ஒன்றே. இந்தச் சேர்மானம் எல்லோருக்கும் தெரியும். கடினமான பகுதி, உருகிய எஃகை வெற்றிடத்தில் வைத்து வாயுவை உறிஞ்சி, ஆக்சிஜனைப் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கும் கீழே கொண்டுவருவது. அந்த வேலைக்குப் பணம் செலவாகும். செய்யாமல் விட்டாலும் பேரிங் அதே பளபளப்போடுதான் இருக்கும்.

ஹப்பின் விளிம்பிலும் இதே போன்ற ஒரு மறைந்த தரம் உண்டு. மூன்றாம் தலைமுறை ஹப்பில் குண்டு உருளும் பாதை ஹப்பிலேயே கடைந்தெடுக்கப்பட்டிருக்கும். பாதை மிகக் கடினமாக இருக்க வேண்டும். ஆனால் ஸ்டட்டுகளைத் தாங்கும் விளிம்பு அப்படிக் கடினமானால் பள்ளத்தில் விழும் அடியில் வெடித்துவிடும், அது நெகிழ்ந்துகொடுத்து அடியை வாங்க வேண்டும். இதற்காக, நடுத்தரக் கார்பன் எஃகைச் சூடாக்கி அடித்து வடிவாக்கி, பாதை இருக்கும் இடத்தை மட்டும் மின்தூண்டலால் நொடிகளில் செந்நிறமாக்கித் தண்ணீரில் குளிர்விக்கிறார்கள். சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கடினத் தோல் உருவாகும். மீதி உடல் மிதமான கடினத்தோடு நிற்கும். அந்தத் தோல் மெல்லியதாகப் போனாலோ, ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் ஆழமில்லாமலும் அமைந்தாலோ ஆயுள் சுருங்கும். அதையும் வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

குண்டுகளின் உருட்சி இன்னொரு வியப்பு. பிலிப் வாகன் என்ற வேல்ஸ் நாட்டு இரும்பாலை உரிமையாளர் வண்டி அச்சுக்கான குண்டுப் பேரிங்குக்கு 1794-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் ஒரே அளவில், ஒரே உருட்சியில் குண்டுகளை ஆயிரக்கணக்கில் செய்ய ஒரு வழி பிறக்க 1883 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் ஊரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர், கடின எஃகுக் குண்டுகளைத் தேய்த்து உருட்டாக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். எஃப்ஏஜி என்ற இன்றைய பேரிங் பெயரின் வேர் அவரது நிறுவனமே. அந்த ஊர் பேரிங் தொழிலின் தலைநகராக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படை 1943 ஆகஸ்டு 17-ஆம் தேதியும் அக்டோபர் 14-ஆம் தேதியும் அங்கே குண்டு வீசியது. இரண்டாவது தாக்குதலில் மட்டும் 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்தும் அந்த ஆலைகளைக் குறிவைத்ததற்குக் காரணம், பேரிங் இல்லாமல் டாங்கியும் ஓடாது, விமானமும் பறக்காது என்பதுதான்.

இன்று கிரேடு 10 எனப்படும் தரக் குண்டு முழு உருண்டையிலிருந்து அதிகபட்சம் 0.25 மைக்ரான் விலகலாம். 12 மில்லிமீட்டர் குண்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்துக்குப் பெரிதாக்கினால், அந்த விலகல் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும்.

சுமையின் கணக்கு

பேரிங்கின் ஆயுளை முன்கூட்டிக் கணிக்கும் முறையைச் சுவீடனின் குஸ்டாஃப் லுண்ட்பெர்க், ஆர்விட் பால்ம்கிரென் இருவரும் 1947-இல் வெளியிட்டார்கள். இன்றைய ஐஎஸ்ஓ 281 தரநிலை அதிலிருந்து வளர்ந்தது. குண்டுப் பேரிங்குகளைப் பொறுத்தவரை, சுமை கூடினால் ஆயுள் அதன் மும்மடிப் பெருக்கத்தில் குறையும். சுமை இரட்டிப்பானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். 25 சதவீதம் கூடினாலே ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அகலமான டயர், வெளியே தள்ளி நிற்கும் அலாய் வீல், ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்று அழகுக்காகச் செய்யும் மாற்றங்கள் பேரிங்கைத் தின்பது இப்படித்தான். சக்கரத்தின் மையக்கோடு வெளியே நகர்ந்தால், அதே எடை நீளமான கையிலிருந்து பேரிங்கை நெம்புகிறது. அப்படிப்பட்ட காரில் எவ்வளவு விலை கொடுத்து ஹப் போட்டாலும் அது விரைவில் சத்தம் போடும். ஹப்பைத் தேடுவதற்கு முன் ரிம்மை நிறுவன அளவுக்குத் திருப்புவது லாபகரமான செலவு.

இதே கணக்கில் இன்னொரு சேதியும் உண்டு. நிறுவனங்கள் சொல்லும் அடிப்படை ஆயுள், ஒரே மாதிரியான நூறு பேரிங்குகளில் தொண்ணூறு எட்டும் அளவு. மீதிப் பத்து அதற்கு முன்பே கெடலாம். ஆகவே இடது பக்கம் கெட்டால் வலது பக்கமும் கெட்டிருக்கும் என்று பொருளில்லை. பிரேக் பேடுகளை ஜோடியாக மாற்றுவது அவசியம். பேரிங்குக்கு அந்த விதி பொருந்தாது. இரண்டு பக்கமும் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் அல்லது மறுபக்கமும் சத்தம் காட்டினால் மட்டும் இரண்டையும் மாற்றினால் போதும். செலவில் பாதி இங்கேயே மிச்சமாகும்.

கெட்டது பேரிங்தானா?

டயர் சத்தத்தைப் பேரிங் சத்தம் என்று எண்ணி ஹப்பை மாற்றுவது அடிக்கடி நடக்கும் வீண்செலவு. ஒழுங்கற்றுத் தேய்ந்த டயரும் அதே உறுமலை எழுப்பும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழிகள் இருக்கின்றன. டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும். தார்ச்சாலையில் ஒரு விதமாகவும் சிமென்ட் சாலையில் ஒரு விதமாகவும் கேட்கும். பேரிங் சத்தம் வேகத்தோடு ஏறும், சாலை மாறினாலும் பெரிதாக மாறாது. முன்பின் டயர்களை இடம்மாற்றிப் போட்டு ஓட்டினால், டயர் சத்தமானால் சத்தமும் இடம் மாறிவிடும்.

எந்தப் பக்கம் என்பதை வளைவு சொல்லும். கார் இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால், பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்தான் குற்றவாளி. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்தால், கெட்ட பேரிங்கின் நடுக்கம் விரலில் தட்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் வழக்கம். ஆனால் ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. இரட்டை வரிசைப் பேரிங்குகளில் சத்தம் முதலில் வரும், ஆட்டம் வெகுகாலம் கழித்துத்தான் வரும். அந்த ஆட்டம் வந்த பிறகும் ஓட்டினால், ஹப்போடு சேர்ந்து பிரேக் டிஸ்க்கும் சாய்ந்து பேடுகளைப் பின்னுக்குத் தள்ளும். அடுத்த முறை மிதிக்கும்போது பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும்.

எதை மாற்றினால் போதும்?

முதல் தலைமுறை அமைப்பில் கெடுவது பெரும்பாலும் பேரிங் மட்டும். ஹப் வெறும் எஃகுத் துண்டு. அதில் உருளும் பாதை எதுவும் இல்லை. மூன்று இடங்களைச் சரிபார்த்தால் அதை மறுபடியும் பயன்படுத்தலாமா என்று தெரிந்துவிடும். முதலாவது கழுத்து. பழைய பேரிங்கைக் கழற்றும்போது உள் வளையத்தில் பாதி ஹப்பிலேயே சிக்கிக்கொள்ளும். அதைக் கிரைண்டரால் வெட்டியெடுக்கையில் கழுத்தில் கீறல் விழுந்திருந்தால், அல்லது வளையம் சுழன்று கழுத்து தேய்ந்திருந்தால், அந்த ஹப்பைக் கழித்துவிட வேண்டும். இரண்டாவது முகம். டயல் கேஜ் வைத்துச் சுற்றினால், பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்குமேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் டிஸ்க் நெளிந்து சுற்றி, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். முகத்தில் படிந்த துரு ஒன்றே இந்த அளவைத் தாண்டவைக்கும் என்பதால், அளப்பதற்கு முன் கம்பித் தூரிகையால் தேய்ப்பது அவசியம். மூன்றாவது, ஸ்டட் மரைகளும் ஆக்சில் தண்டு நுழையும் பற்களும்.

ஹப் பழுதாகிவிட்டால், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகள் கைகொடுக்கும். அதே மாடல் காரிலிருந்து கழற்றிய நிறுவன ஹப், பெயர் தெரியாத புது ஹப்பைவிட நம்பகமானது. அடித்து வடிவாக்கிய அந்த எஃகு கார் நிறுவனத்தின் சோதனைகளைத் தாண்டி வந்தது. மேலே சொன்ன மூன்று இடங்களையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

பேரிங்கைப் பழையதாக வாங்குவது முற்றிலும் வேறு விஷயம். நக்கிளிலிருந்து அதைப் பிதுக்கியெடுக்கும்போது டன் கணக்கான விசை ஒரு வளையத்திலிருந்து குண்டுகள் வழியாக மற்ற வளையத்துக்குப் பாய்கிறது. குண்டுகள் பாதையில் பதிந்து குழி உண்டாக்கிவிடும். கடினத்தை அளக்க உலோகத்தில் குண்டை அழுத்தும் சோதனையை 1900-இல் அறிமுகப்படுத்தியவர் சுவீடன் பொறியாளர் பிரினெல். அவரது சோதனையே அந்தப் பேரிங்குக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. மூன்றாம் தலைமுறை ஹப்பில் பேரிங்கும் சேர்ந்திருப்பதால், அதைப் பழைய சந்தையில் வாங்கினால் அது எத்தனை பள்ளம் கண்டது, எத்தனை நாள் தண்ணீரில் நின்றது என்று அறிய வழியில்லை.

எந்தப் பெட்டியை எடுப்பது?

கார் நிறுவனங்கள் பெரும்பாலும் பேரிங் செய்வதில்லை. எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, டிம்கென், என்டிஎன், என்எஸ்கே, ஜேடெக்ட்டின் கோயோ, ஜெய்ப்பூரில் 1946-இல் தொடங்கிய நேஷனல் எஞ்சினியரிங் நிறுவனத்தின் என்பிசி போன்றவை செய்து கொடுக்கின்றன. கார் நிறுவனத்தின் முத்திரையிட்ட பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு தயாரிப்பாளரின் பேரிங்தான். அதே தயாரிப்பாளர் தன் சொந்தப் பெட்டியில் உதிரிபாகக் கடைக்கு அனுப்பும் பேரிங் பெரும்பாலும் விலை குறைவாகக் கிடைக்கும். கழற்றிய பழைய பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால், வளையத்தின் விளிம்பில் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். அந்தப் பெயரில், அந்த எண்ணில் கேட்டு வாங்குவதே தரத்தில் சமரசம் செய்யாமல் விலையைக் குறைக்கும் முதன்மையான வழி.

எண் பொருந்துவது ஒப்புக்கான சடங்கில்லை. உதாரணமாக டிஏசி40740042 என்ற குறியீட்டில் உள் விட்டம் 40, வெளி விட்டம் 74, அகலம் 42 மில்லிமீட்டர் என்ற மூன்றும் அடங்கியிருக்கின்றன. மூன்றும் பொருந்தினாலும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: ஏபிஎஸ். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அவற்றில் பலவற்றின் சக்கர வேக சென்சார், பேரிங்கின் சீலிலேயே பதித்திருக்கும் காந்த வளையத்தைப் படிக்கிறது. வடக்கும் தெற்கும் மாறிமாறி வரும் அந்த வளையம் பார்ப்பதற்குச் சாதாரணக் கறுப்புச் சீல்போலவே இருக்கும். அது இல்லாத பேரிங்கைப் போட்டாலோ, துருவங்களின் எண்ணிக்கை மாறினாலோ, முகம் திருப்பிப் பொருத்தினாலோ ஏபிஎஸ் விளக்கு எரியும். பேரிங்கை மறுபடி கழற்ற வேண்டும். கழற்றினால் அது வீண். கடையிலேயே, வளையத்தின் எந்தப் பக்கம் இரும்புத்தூளை ஈர்க்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. காந்தத் தட்டின் மேலோ ஸ்பீக்கருக்கு அருகிலோ அதை வைக்கக் கூடாது.

ஹப்பை முழுதாக வாங்குகிறவர் ரிம் துளைகளின் வட்ட அளவையும் நடு மேட்டின் விட்டத்தையும் ஒப்பிட வேண்டும். இந்தியாவின் பல சிறு கார்களில் நான்கு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம். ஃபோக்ஸ்வாகன் போலோவில் ஐந்து துளை, அதே 100. துளை பொருந்தியும் நடு மேட்டின் விட்டம் மாறினால், ரிம் மையத்தில் உட்காராமல் அதிரும்.

போலிகள் இந்தச் சந்தையின் பெரிய தலைவலி. பெரிய தயாரிப்பாளர்களின் பெட்டி, பிளாஸ்டிக் உறை, எழுத்துரு வரை அச்சு அசலாக நகலெடுக்கிறார்கள். உலகப் பேரிங் சங்கம் போலிகளுக்கு எதிராகத் தனி இயக்கமே நடத்துகிறது. பெட்டியின் குறியீட்டைச் செல்பேசியில் படம்பிடித்துச் சரிபார்க்கும் செயலியையும் வெளியிட்டிருக்கிறது. எஸ்கேஎஃப் நிறுவனத்துக்கும் எஃப்ஏஜி பெயரில் விற்கும் ஷாஃப்லர் நிறுவனத்துக்கும் தனித்தனிச் செயலிகள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீது போட்டு வாங்குவதும், கடையிலேயே குறியீட்டைச் சோதிப்பதும் காசு செலவில்லாத பாதுகாப்பு. சந்தை விலையில் பாதிக்கு அதே பெயர் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டியது கடைக்காரரின் தாராளத்தை.

நல்ல பேரிங்கைக் கொல்லும் சுத்தியல்

வாங்கியதில் காட்டிய கவனமெல்லாம் பொருத்தும் பத்து நிமிடத்தில் வீணாகலாம். நக்கிளுக்குள் பேரிங்கை ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால், விசை குண்டுகள் வழியாகப் போய்ப் புதுப் பேரிங்கிலேயே குழிகள் விழும். பழைய வளையத்தை வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்கும் வழக்கம் இன்றும் சில கடைகளில் இருக்கிறது. ஹைட்ராலிக் பிரஸ்ஸும் அளவான முட்டுக் குழாய்களும் உள்ள கடைக்குச் சில நூறு ரூபாய் கூடுதல் கூலி கொடுப்பது, பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் விலையைவிடப் பலன் தரும்.

அடுத்தது ஆக்சில் நட். இரட்டை வரிசைப் பேரிங்கின் உள் வளையம் பல சமயம் இரண்டு துண்டுகளாக இருக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடித்து, உள்ளிருக்கும் இடைவெளியைச் சரியான மைக்ரான் அளவுக்குக் கொண்டுவருவது அந்த நட்டின் முறுக்கம். குறைந்தால் வளையங்கள் விலகி, சுமை சில குண்டுகளின் மேல் மட்டும் குவியும். கூடினால் பேரிங் சூடாகிக் கிரீஸ் கெடும். எனவே காற்றுத் துப்பாக்கியால் தோராயமாக முடுக்காமல், அந்த மாடலின் சர்வீஸ் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முடுக்க வேண்டும். முடுக்கி முடிக்கும்வரை வண்டியின் எடையைச் சக்கரத்தின் மேல் இறக்கக் கூடாது. தட்டிப் பூட்டும் வகை நட்டை மறுபடியும் பயன்படுத்தாமல் புதியது வாங்குவது சிறு செலவு.

பழைய பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள்

வேலை முடிந்ததும் கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்கி, வெளி வளையத்தை வெட்டித் திறக்கச் சொல்லலாம். அது ஏன் செத்தது என்பது உள்ளே எழுதியிருக்கும். குண்டுகளின் இடைவெளியில் வரிசையாகக் குழிகள் தெரிந்தால், பள்ளத்தில் விழுந்த அடி அல்லது சுத்தியல். நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் சூடு. ஆக்சில் நட்டின் முறுக்கத்தையும் பிரேக் காலிப்பர் சிக்கி உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கிரீஸ் பாலாடை நிறத்துக்கு மாறி, பாதையில் துருப் புள்ளிகள் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சாலையில் தெறிக்கும் நீரைத் தடுக்கத்தான் பேரிங் சீல் வடிவமைக்கப்பட்டது. மூழ்கி நிற்பதற்காக இல்லை. ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீலின் உதடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சினையும் இருக்கையையும் சரிசெய்த பிறகும் சில மாதங்கள் கழித்துச் சக்கரம் உறுமத் தொடங்குவது இதனால்தான். அப்படி மூழ்கிய காரில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றியிருந்தால், மற்ற மூன்று சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

பாதையின் தேய்மானம் ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் சாய்ந்து ஓடியிருந்தால், பேரிங் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பழுது அப்போது நக்கிளின் துளையில் இருக்கலாம். முன்பு யாரோ அடித்து இறக்கியதில் துளை நீள்வட்டமாகியிருக்கும். லேத் கடையில் போர் கேஜ் வைத்து இரண்டு திசைகளில் அந்தத் துளையை அளந்து பார்த்து, வட்டம் தப்பியிருந்தால் நக்கிளை மாற்ற வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டாம் முறையும் பேரிங் போன கார்களில் முதலில் அளக்க வேண்டியது இந்தத் துளையைத்தான்; அந்த அளவு கைக்கு வந்த பிறகு அடுத்த பேரிங்குக்குக் கடைக்குப் போகலாம்.